ஒரு நல்ல காரணம்

நீள்மேசையின் தலைப்பக்கம் வேதியியல் பேராசிரியர் ஹார்லன் டீட்ஸ் உட்கார்ந்திருந்தார்; மருத்துவப் படிப்புக்கு மாணவர்களைச் சிபாரிசு செய்யும் கல்லூரிக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். அவருக்கு வலப்பக்கம், ஹீட்டரை ஒட்டி, உயிரியல் பேராசிரியை ரெனாட்டா ஓக்ஸ், போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல். இடப்பக்கம் ஓய்வுபெற்ற டாக்டர் வில்லார்ட் பைன். கேட்கிற காது மேசைப்பக்கம் இருக்கட்டும் என்று நாற்காலியைக் கோணலாகப் போட்டிருந்தார். கொரின் ஸ்லாட்கிக்குக் கிடைத்தது ஜன்னலைப் பார்த்த நாற்காலி. வெளிச்சம் தன் முகத்தில் விழ வேண்டும் என்றே அங்கே போட்டிருக்கிறார்கள் என்று உட்காரும்போதே நினைத்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அது யாருக்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

டீட்ஸ் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். முதலில் உறுத்தியது அதுதான். பத்து வருடங்களுக்கு முன்னால் இதே கட்டிடத்தில் அவளுக்குக் கரிம வேதியியலில் டி கிரேடு போட்ட மனிதர். அவள் முதல் இரண்டு வருட மதிப்பெண்கள் மொத்தமுமே அந்த லட்சணத்தில்தான் இருந்தன. எப்படியோ பட்டம் வாங்கி வெளியே போய், மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்து, ஆறு வருடம் கழித்து மாலை வகுப்புக்குத் திரும்பி வந்து, அறிவியல் பாடங்களை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கியிருந்தாள். நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வந்திருந்தது. ஆனால் மருத்துவப் படிப்புக்கு மனுப்போடுகிறவர்கள் தம் பழைய மதிப்பெண்களை விட்டுவிட்டுப் போக முடியாது. புதியதோடு பழையதும் கூடவே வரும். அதோடு கல்லூரிக் குழுவின் சிபாரிசுக் கடிதமும் போக வேண்டும். அது போகாவிட்டால், சொந்தக் கல்லூரியே கைகழுவிய ஆள் என்று எல்லா இடத்திலும் தள்ளிவிடுவார்கள். இந்தக் குழுவோ, நிச்சயம் இடம் கிடைக்கும் என்று தோன்றுகிறவர்களுக்கு மட்டும்தான் கடிதம் கொடுக்கும். நாங்கள் அனுப்பும் பத்துப் பேரில் ஒன்பது பேர் டாக்டராகிறார்கள் என்று கல்லூரி விளம்பரத்தில் போடுவது அப்படித்தான் சாத்தியமாகிறது.

ஆய்வுக்கூட வேலையைப் பற்றிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் சுமுகமாகப் போனது; அவளுக்கோ முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. கடைசியில் டீட்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த மொதல் ரெண்டு வருஷம். உங்கப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனது அப்பத்தானே?”

கொரின் கோப்பையைக் கீழே வைத்தாள். அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது இரண்டாம் வருடத் தேர்வெல்லாம் முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில். செப்டம்பரில் போய்விட்டார். அவர் போன பிறகுதான் அவள் மதிப்பெண்கள் கொஞ்சம் ஏறவே தொடங்கின. இது டீட்ஸுக்குத் தெரியாததல்ல. அடக்கம் முடிந்து மாதா கோயில் கீழ்த்தளத்தில் நடந்த சாப்பாட்டுக்கு ஒரு தட்டு நிறைய ஹாம், உப்பிட்ட பன்றிக்கறி, கொண்டுவந்து வைத்தவரே அவர்தான்.

“அதை ஒட்டித்தான், சார்,” என்றாள்.

“எங்க காலத்துல, மடையனா இருந்தேன்னு சொன்னாலே போதும், சேத்துக்குவாங்க,” என்றார் டாக்டர் பைன். ஓக்ஸ் சிரித்தாள். டீட்ஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வருடக் கதையை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னார். குழுவுக்கு வருவது எதுவானாலும் காகிதத்தில், கையெழுத்தோடு வர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

கார் நிறுத்துமிடத்தில் பழைய பனி கறுத்துக் குவிந்து கிடந்தது. ஓக்ஸ் பின்னாலேயே வந்து, தன் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். “எல்லாரும் ஒரு காரணம் எழுதுவாங்க. மருத்துவக் கல்லூரியில மனுவைப் படிச்சுப் பாக்குறவங்களும் அதைத்தான் தேடுவாங்க. போன வருஷம் ஒருத்தன் நாய் செத்துப் போச்சுன்னு எழுதினான். எடம் கெடச்சிடுச்சு.”

“நாய் நெஜமாவே செத்துச்சா?”

“நான் கேட்டுக்கலை,” என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டாள்.

ஓக்ஸை யார் அனுப்பினார்கள் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள் கொரின். டீட்ஸ் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாரா? அவள் பொய் சொல்கிறாளா என்று ஆழம் பார்க்கிறாரா? அல்லது அவருக்கு அவளைப் பற்றி அக்கறை ஒன்றுமே இல்லை, பத்தில் ஒன்பது என்ற கணக்கு கெடாமலிருக்க ஒரு நல்ல காரணம் வேண்டும், அவ்வளவுதானா?

அம்மா லொரெய்ன் சமையலறை மேசை முழுக்க மாவு பரப்பி, வெள்ளிக்கிழமை தவக்கால விருந்துக்காகப் பியரோகி செய்துகொண்டிருந்தாள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி மூடுவாள். மாதா கோயிலில் அவள் செய்தது மட்டும் வேகும்போது பிளக்காது என்று பெயர். கொரின் நடந்ததைச் சொன்னாள்.

“டீட்ஸ் தேதி மறக்கிற ஆளில்லடி,” என்றாள் அம்மா. “ஹாம் கொண்டாந்த தட்டை ரெண்டு மாசம் கழிச்சு வந்து கேட்டு வாங்கிட்டுப் போனவரு. அடியில பேர் எழுதி ஒட்டியிருந்துச்சு.”

“அப்ப எதுக்கும்மா அப்படிக் கேட்டாரு?”

“அது அவருக்குத்தான் வெளிச்சம். நீ எழுதிப்போடு. உங்கப்பா அங்க சும்மாத்தான படுத்திருக்காரு, ஒரு தடவையாவது உபயோகப்படட்டும்.” அம்மா அடுத்த பியரோகியை எடுத்தாள். அதன் விளிம்பை அழுத்திக்கொண்டே, “அவருக்கு அப்பவே இருமல் இருந்துச்சு. அந்தக் குளிர்காலத்துலயே,” என்றாள். யாருக்காகச் சொல்கிறாள் என்று தெரியாத குரலில் சொன்னாள்.

கொரின் மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்தாள். முதல் வரைவு சரசரவென்று வந்தது. இருமும் அப்பா, ஆஸ்பத்திரி வராந்தா, புத்தகத்தில் மனம் ஒட்டாத மகள். படித்துப் பார்த்தாள். கண் கலங்குகிற மாதிரி இருந்தது. இவ்வளவு நன்றாக வந்ததுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது.

இருமல் இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. நினைவிருந்தது வேறொன்று. அப்பா மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் விடுதியில் இருந்த அவளைக் கைபேசியில் கூப்பிடுவார். அவள் அப்போதும் படுக்கையில்தான் கிடப்பாள். தலையணைக்கு அடியில் போன் நடுங்கும். எடுக்காமல் அது ஓயும் வரை காத்திருந்துவிட்டு மறுபடி தூங்குவாள். குரல்பதிவில், எந்தச் சாலையில் எவ்வளவு பனி என்று தொடங்கியிருப்பார். ஏன் எடுக்கவில்லை என்று நேரில் பார்க்கும்போது ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பதிவுகளில் அவர் இருமினாரா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அவள் முழுதாகக் கேட்டதே இல்லை.

டீட்ஸ் பொறி வைத்திருந்தால் உண்மையை எழுதித் தப்பிக்கலாம். அவர் கை கொடுத்திருந்தாலோ, உண்மையை எழுதுவது அந்தக் கையைத் தட்டிவிட்டதாகும். அப்புறம் ஒன்பது பேரில் ஒருத்தியாக அவளை அனுப்ப அவருக்கு வேறு வழி இருக்காது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த மனிதரின் முகம் பிடிகொடுக்கவில்லை. அவள் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மடித்து உறையில் போட்டாள். “எழுதிட்டியா?” என்றாள் அம்மா. “எழுதிட்டேன்.” “உங்கப்பா வர்றாரா அதுல?” “வர்றாரு.” அம்மா, கொரின் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டு போவதை, பிளந்துவிடுமோ என்று பார்க்கிறவள் போல, கடைசி வரைக்கும் பார்த்தாள்.

உள்ளே மூன்று வரிகள்தான் இருந்தன. அந்த இரண்டு வருடமும் என் அப்பா, எங்களுக்குத் தெரிந்தவரை, நலமாக இருந்தார். குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளினார். நான்தான் படிக்கவில்லை.

தெருமுனையில் நீலத் தபால்பெட்டியின் தலையில் இரவு பெய்த புதுப்பனி உட்கார்ந்திருந்தது. கைப்பிடியை இழுத்து உறையைப் போட்டாள். மூடி டங்கென்று சாத்திக்கொண்டது. இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். நிஜமாகவே விழுந்துவிட்டதா என்று, அப்பா எப்போதும் செய்கிற மாதிரி, மறுபடி ஒருமுறை கைப்பிடியை இழுத்துக் குனிந்து பார்த்தாள். உள்ளே இருட்டு மட்டும்தான் தெரிந்தது.