பீங்கான் கையில் எழுபத்தாறு

இந்த வாட்ச் மலை உயரம் காட்டும், திசை காட்டும், மழை வருமா என்பதுகூடக் காட்டும் என்று கடைக்காரர் அடுக்கினார். ஊர்ப் பெயரிலும் சாமி பெயரிலும் தவிர வேறெங்கும் மலை இல்லாத விருத்தாசலத்தில் உயரத்தை அளந்து என்ன செய்ய? எனக்கு வேண்டியது நாடித்துடிப்பு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ராஜாங்கம் ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலோடு தினமும் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருபவர். சித்திரை வெயிலில் ஒருமுறை மயங்கி விழுந்தார். துடிப்பு ஏறினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். நான் சொன்னால் கேட்கிற ஆளா? வாட்ச் சொன்னாலாவது கேட்கட்டும் என்றுதான் கடைக்குப் போனேன். வெயில், வேர்வை, மழை எல்லாம் தாங்கும் என்று இரண்டு தேறின. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டையும் எடுத்துப்போய், வேண்டாததைத் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டேன்.

நான் வேலை செய்யும் யூனிட்டில் ரப்பர் கையுறை வார்க்கப் பீங்கான் கைகள் செய்கிறோம். முதல் அச்சு எடுத்தபோது, அளவான கை என்று என் வீட்டுக்காரர் கையைத்தான் வைத்தார்கள். அதனால் சூளையிலிருந்து இறங்குவது ஒவ்வொன்றும் அவர் கைதான். வளைந்த சுண்டுவிரல்கூட அப்படியே இருக்கும். அதில் ஒன்றில் பச்சை வாட்ச்சைக் கட்டினேன். கூசாமல் எழுபத்தாறு என்று காட்டியது. கூட வேலை செய்யும் சிந்தாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். கறுப்பைக் கட்டினேன். வெறும் கோடுகள். உயிர் இல்லாததை இல்லை என்று சொல்கிற வாட்ச்சை நம்பலாம்.

மறுநாள் காலை கறுப்பைக் கட்டி அவரை அனுப்பினேன். எண்பது காட்டியது. பச்சை என் பையிலேயே கிடந்தது.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"மத்தியானம் ஒரு மாதிரியா வந்துச்சு. வேப்பமரத்தடியில கொஞ்ச நேரம் படுத்துட்டேன். எந்திரிச்சதுலேருந்து கோடுதான் காட்டுது. வாட்ச்சு போச்சு போல."

வாரை இறுக்கிப் பார்த்தேன். கோடுகள். என் கையில் கட்டினேன். நூற்றிருபது. அவர் கையைப் பிடித்தேன். வேர்வை இல்லை, சூடு இல்லை. வழவழவென்று சில்லிட்டிருந்தது. யூனிட்டில் தினமும் நான் துடைத்து அடுக்குகிற கை, எனக்கா தெரியாது?

அவர் பசியோடு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். பச்சையை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டினேன். எழுபத்தாறு.

"ஒண்ணும் இல்லைங்க. அந்த வாட்ச்சுதான் சரியில்ல. இனிமே இதையே கட்டிக்கிங்க, கழட்டாதீங்க" என்று சொல்லிச் சோற்றைப் போட்டேன்.