எங்கள் வீட்டு வாசகம்

கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து வாட்ஸப் குழுவில் அந்தோணிசாமி மாமாவின் செய்தி வந்து விழுந்தது. மூலக்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். டிசம்பர் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு கையால் சின்னப் பிள்ளை கவுனை ஸ்கேன் செய்துகொண்டே மறு கையால் செல்லைத் திருப்பினேன். திருவருகைக் காலத்து வீட்டு ஜெபம், எந்த நாள் யார் வீட்டில், என்ன வாசகம் என்று வரிசையாகப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை, ரோஸ்லின் வீடு, செக்கரியா எலிசபெத்து. கீழே கைகூப்புகிற படம் ஒன்று. எங்கள் வீட்டுக்கு இதுதான் என்று பார்க்காமலே சொல்லியிருப்பேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்மஸுக்கு முந்தைய நாட்களில் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகக் கூடி அன்றைய நற்செய்தியை வாசிப்போம். யார் வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரர் அதைப் பற்றிச் சிந்தனை சொல்ல வேண்டும். மற்ற வீடுகளுக்கு வருஷத்துக்கு வருஷம் நாள் மாறும், வாசகம் மாறும். எங்களுக்கு மாறாது. வயதாகியும் பிள்ளையில்லாதிருந்த எலிசபெத்து தேவதூதர் சொன்னபடி கர்ப்பமான கதை எந்த நாளில் வருகிறதோ, அந்த நாள் எங்களுடையது. வாசகம் முடிந்ததும், குடிலில் வைக்கிற குழந்தை இயேசு பொம்மையை, சுரூபம் என்போம், கோயிலிலிருந்து கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். நான் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றி, கிறிஸ்மஸ் பூசைக்கு ஏந்திக்கொண்டு போய்க் குடிலில் கிடத்த வேண்டும். பக்கத்து வீட்டு லில்லி இப்படி ஒரே ஒருமுறை மடியில் வாங்கினாள், மறு வருஷமே பையன் பிறந்தான். அதிலிருந்து தெருவுக்கே இதில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்குப் புடவை கசங்கியதுதான் மிச்சம்.

டீ குடிக்கப் போகிற சாக்கில் மாடிப்படியில் நின்று அந்தோணிசாமி மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, இந்த வருசம் வேற எதுனா குடுங்களேன். யோவான் ஜெயில்லேருந்து ஆள் அனுப்பிக் கேக்கறாரே, அத நான் சொல்றேன்.”

“அது இன்னாத்துக்கும்மா உனுக்கு? அது ஞாயித்துக்கெழம பூசையிலயே முடிஞ்சிடுச்சு. இது உங்க வூட்டு வாசகம். லில்லி கூட கேட்டா, நான் குடுக்கலியே.”

“குடுத்துடுங்க மாமா.”

“நீ ஒண்ணும் மனசத் தளர வுடாத. இந்த வருசம் கண்டிப்பா நடக்கும். எம்மனசு சொல்லுது.”

அவர் மனசு வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாக ஆட்டோ கொண்டுவந்து நிறுத்துவார். கெட்டவராக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்திருப்பேன். நல்லவர்களிடம்தான் எனக்கு வாய் எழும்ப மாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலையெல்லாம் அன்று முழுக்கப் பில் மெஷின் மேல் காட்டினேன்.

மழைக்காலம் தொடங்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்பது மாமாவுக்குத் தெரியாது. டவுனில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, என்னையும் என் வீட்டுக்காரர் பாக்யராஜையும் எதிரில் உட்கார வைத்து, இனி எந்த முயற்சியும் வேண்டாம், உன் உடம்பை விட்டுவிடம்மா என்று சொல்லிவிட்டார். பாக்யராஜ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நிம்மதியாக இருந்தது. வெளியே வந்து ரோட்டோரக் கடையில் வடை வாங்கித் தின்றேன். இனிமேல் ஊசி இல்லை, மாத்திரை இல்லை, நாள் தள்ளிப்போனால் நெஞ்சு அடித்துக்கொள்வது இல்லை. வில்லியனூர் தாண்டி இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து பராக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறார். வீட்டு வாசலில் இறங்கி முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“அம்மாவாண்ட இப்ப சொல்லாத ரோசு. கிறிஸ்மஸ் போவட்டும்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒயரிங் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். தேவதூதர் சொன்னதை நம்பாததால் எலிசபெத்தின் புருஷன் செக்கரியாவுக்குப் பிள்ளை பிறக்கிறவரை பேச்சு நின்றுபோனது என்று வாசிக்கிறோம். என் வீட்டில் பிள்ளை பிறக்காமலே அது நடந்துவிட்டது.

வியாழக்கிழமை சுண்டலுக்குக் கடலையை ஊறப்போட்டுவிட்டு பைபிளை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது, அடுத்தது நான்தான் என்று வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது வரிசையை விட்டு வெளியே வந்தவளாகப் படித்தேன். கோபம் கோபமாக வந்தது. செக்கரியா கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் கிழவன், என் மனைவியும் வயதானவள், இதை எப்படி நம்புவது என்றார். அந்த வயதில் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மரியாளும்தான் இது எப்படி ஆகும் என்று கேட்டாள். அவளுக்கு விளக்கம் கிடைத்தது. ஜெயிலில் கிடந்த யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஆளுக்குக் காத்திருக்கட்டுமா என்று ஆண்டவரையே கேட்டு ஆள் அனுப்பினான். அவனையும் யாரும் கோபிக்கவில்லை. இந்தக் கிழவரை மட்டும் எதற்காக ஊமையாக்க வேண்டும்? வருஷக்கணக்காக நம்பி நம்பி ஓய்ந்துபோனவருக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை இல்லையா?

எலிசபெத்து கர்ப்பமானதும் ஐந்து மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தாள் என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். வெளியே வந்தால் வயிற்றில் கை வைத்துப் பார்க்க அந்த ஊரிலும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த சுரூபம் அடுத்த வருஷமும் என் மடிக்கு வரும். அதற்கடுத்த வருஷமும் வரும். பல்லெல்லாம் கொட்டின பிறகும், எலிசபெத்தும் கிழவிதானே என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கிறிஸ்மஸ்வரை சொல்லமாட்டேன் என்று பாக்யராஜுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். என் மடி ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நின்றால் போகலாம் என்று எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள் என ஒரு நப்பாசை இருந்தது. குடையும் தலையில் பிளாஸ்டிக் கவருமாக ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தார்கள். நடுவீட்டில் சவுக்குத் தழை சுற்றிய வளையத்தில் மூன்று மெழுகுவர்த்திகளைக் கொளுத்தினோம். வாரத்துக்கு ஒன்று, நாலாவது அடுத்த ஞாயிறுக்கு. ஆண்கள் வழக்கம்போல வாசற்படியில் நின்றார்கள். பாக்யராஜும் அவர்களோடு நிலையில் சாய்ந்து நின்றார். அந்தோணிசாமி மாமா துண்டில் சுற்றிய சுரூபத்தை நனையாமல் சட்டைக்குள் அணைத்துக் கொண்டுவந்திருந்தார். என் மாமியார் தனக்கொடி, நான் உட்கார வேண்டிய இடத்தில் புதுப்பாயை விரித்து வைத்திருந்தாள்.

லில்லி வாசகத்தை வாசித்து முடித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினேன்.

“எலிசபெத்து கடைசில இன்னா சொல்றாங்க? சனங்க நடுவுல எனக்கிருந்த அவமானத்த ஆண்டவரு எடுத்துட்டாருன்றாங்க. அந்த அவமானத்த அவங்களுக்குக் குடுத்தது யாரு? ஆண்டவரு குடுக்கல. அக்கம்பக்கத்துல இருந்தவங்கதான் குடுத்தாங்க.”

யாரோ இருமினார்கள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது.

“அதே ஊர்ல, பக்கத்து வூட்டுலயே, புள்ள இல்லாத இன்னொரு பொம்பளயும் இருந்திருப்பா. அவளுந்தான் காலம்பூரா வேண்டியிருப்பா. அவ வூட்டுக்குத் தேவதூதர் வரல. எலிசபெத்துக்குப் புள்ள பொறந்தப்ப போய்ப் பாத்துட்டு, திரும்பி வந்து சோறாக்கியிருப்பா. அவளப்பத்தி யாரும் எழுதல. நான் அவதான். டாக்டரம்மா இனிமே ஆவாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல. நீங்க எனக்காக இத வேண்டாதீங்க. கொழந்தய எம்மடியில போடாதீங்க.”

லில்லி பைபிளை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஜெபத்துல நின்னுகினு இன்னாடி பேசற நீ?” என்றவள், என் பதிலுக்குக் காத்திராமல் வாசலைப் பார்த்தாள். “டேய், உனுக்கு இது தெரியுமாடா?”

பாக்யராஜ் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பாக்யராஜின் முகத்தைப் பார்த்தேன். வாக்கை மீறிவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்தோணிசாமி மாமாதான் பாவம், துண்டை அவிழ்த்து சுரூபத்தைக் கையில் எடுத்துவிட்டார். என்னிடம் நீட்டவும் முடியவில்லை, மறுபடி சுற்றவும் மனசு வரவில்லை. லில்லி பக்கம் திரும்பினார். அவள் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள்.

“அப்ப இத இன்னா பண்றது? ஃபாதராண்ட சொல்லிட்டு எடுத்தாந்துட்டனே” என்றார்.

பாக்யராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்காகப் போட்டிருந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கிட்ட குடு மாமா.”

“உங்கிட்டயா? ஆம்பள மடியில எப்பிடிடா…”

“குடுன்றன் இல்ல.”

மாமா குனிந்து கொடுத்தார். என் மேலிருந்து அதைத் தூக்கிக்கொள்ளத்தான் வந்து உட்கார்ந்தாரா, இல்லை எனக்கு முடிந்துபோனது அவருக்கு இன்னும் முடியவில்லையா, எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு, இப்போதும் பேசாமல், இத்தனை பேர் முன்னால் இப்படி வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? முடிவுப் பாட்டை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சுரூபத்தை வாங்கும்போதே அவருடைய இடது கை அதன் கழுத்துக்கு அடியில் போய்விட்டது. மாவுப் பொம்மைக்குத் தலை சாயாது. ஆனாலும் உள்ளங்கையை விரித்துத் தாங்கிக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. அவர் மறு கையால் துண்டை இழுத்து அதன் காலை மூடினார்.