இன்னொரு ஹீனா

"உச்சத்தில் இருக்கும்போதே விலகுகிறார் நம் அமிர்தவள்ளி டீச்சர். பெரிய மனசு!" என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பெரிய மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்த கையோடு நான் விருப்ப ஓய்வு கேட்டதற்குக் காரணம் ஆத்திரம், வேறொன்றும் இல்லை.

ஆம்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். கோ-கோ சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுகிறவர்கள். அவர்களில் ஹீனா ஓடினால் எதிரணிக்கு மூச்சு வாங்கும். சென்னையில் விளையாட்டு விடுதியில் அவளுக்கு இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாநிலப் போட்டியை முடித்துவிட்டுத் தேர்வுக்கு வந்து ஓடிக்காட்டினால் போதும் என்றார்கள். படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவள் அப்பா சர்தார் பாஷாவைச் சம்மதிக்க வைக்க நான் நடந்த நடை கொஞ்சமல்ல.

போட்டிக்குப் புறப்படும் முன் ஊர் ஷூ கம்பெனி ஒன்று பிள்ளைகளுக்கு ஷூ கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, பக்கவாட்டில் கம்பெனி பெயரோடு.

எங்கள் ஊரில் யார் கையில் ஷூவைக் கொடுத்தாலும் முதல் வேலை அதைப் புரட்டி அடியை வளைத்துப் பார்ப்பதுதான். வீட்டுக்கு ஒருவராவது கட்டிங்கிலோ ஸ்டிட்சிங்கிலோ இருக்கிற ஊர். எச்.எம். ஜோதி வளைத்துப் பார்த்தார். அதே கம்பெனியில் பினிஷிங்கில் வேலை செய்யும் சர்தார் பாஷாவும் வளைத்துப் பார்த்துவிட்டு, விரலால் அடியைத் தடவினார். வழவழவென்று, கட்டை மாதிரி. வெளிநாட்டில் கடைவீதிக்குப் போகிறவன் அழகுக்குப் போடுகிற ஷூ அது. மண் தரையில் ஓட ஆகாது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறந்தார்களா? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று நின்றார்கள்.

நான்தான் சொன்னேன். "சார், போட்டோவுக்குப் போட்டுக்கட்டும். ஆட்டத்துல வேணாம்."

"உங்க இஷ்டம் மேடம்" என்றார் ஷூ கொடுக்க வந்திருந்த கம்பெனி முதலாளி. அவர் நல்ல மனிதர்தான். அவருக்குப் போதும் என்று பட்டது எச்.எம்.முக்குப் போதவில்லை. ராஜாவை மிஞ்சிய ராஜ விசுவாசம்.

இறுதி ஆட்டம் திண்டுக்கல்லில். தொடங்கும் முன் என்னை நடுவர் மேசைக்குக் கூப்பிட்டார்கள். பேசிவிட்டுத் திரும்பினால் என் பிள்ளைகள் எல்லார் காலிலும் ஷூ.

"யாரு போடச் சொன்னது?"

"நான்தான் டீச்சர்" என்றார் எச்.எம். "கம்பெனி ஆளு வீடியோ எடுக்க வந்துகிறாரு. கொஞ்ச நேரம் ஆடட்டுமே, இன்னா ஆய்டப் போவுது?"

"கழட்டுங்கடி!" என்று கத்தினேன். பாதிப் பேர் கழற்றினார்கள். அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார். ஹீனா முடிச்சை இறுக்கிப் போட்டிருந்தாள், அவிழவில்லை. "பரவால்ல டீச்சர், பாத்து ஓடறேன்" என்று போய்விட்டாள்.

கம்பத்தைப் பிடித்துத் திரும்பினாள். கால் வழுக்கி முட்டி மடங்கியது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மற்ற பிள்ளைகள் வெறிபிடித்தவர்கள் போல ஆடி ஜெயித்தார்கள். அதுதான் வினை. தோற்றிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஜெயித்த அணியிடம் யார் எதைக் கேட்கிறார்கள்? வேலூரில் டாக்டர், முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஒரு வருஷம் ஓட்டம் என்ற பேச்சே கூடாது என்றார். விடுதிக்காரர்கள் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டார்கள்.

பள்ளியில் பாராட்டு விழா. முதலாளிக்குப் பொன்னாடை. சர்தார் பாஷாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பழக்கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முதலாளிக்கு சலாம் வைத்தார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. வேலை அங்கே, சோறு அங்கே, பாவம் அவர் என்ன செய்வார்? தெரிந்தும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

பிறகு எச்.எம். பேசினார். "ஹீனாவுக்கு அடிபட்டது வருத்தம்தான். ஆனா நம்ம அமிர்தவள்ளி டீச்சர் இருக்கறவரைக்கும் கவலையே இல்ல. அடுத்த வருஷத்துக்கு இன்னொரு ஹீனாவ ரெடி பண்ணிடுவாங்க. அவ தங்கச்சி அம்பரீனே ஏழாவதுல இருக்கா!"

எல்லாரும் கை தட்டினார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டு சர்தார் பாஷாவும் தட்டினார்.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். "பண்ண மாட்டேன்" என்றேன். "ஒருத்திய ஒடச்சிட்டு அடுத்தவளக் குடுன்னு கேக்கறீங்க. வெக்கமா இல்ல? உங்களுக்குக் குடுக்க என்கிட்ட இனிமே பிள்ளைங்க கெடையாது."

மறுநாள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஹீனாவைப் பார்க்கப் போனேன். காலில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போறீங்களாமே டீச்சர்."

"ஆமாண்டி. உன் தங்கச்சிய என் கையால அவங்ககிட்ட புடிச்சிக் குடுக்கச் சொல்றியா?"

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"நீங்க குடுக்கலன்னா அவங்க எடுத்துக்க மாட்டாங்களா? அம்பரீன் ஓடுவா டீச்சர். நீங்க இருந்தாலும் ஓடுவா, இல்லன்னாலும் ஓடுவா. அங்க ஷூ வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். நீங்களும் போய்ட்டா அவளுக்கு யாரு இருக்காங்க?"

'நான் சொல்லி என்னடி ஆச்சு?' என்று வாய்வரை வந்தது. அவள் காலைப் பார்த்துவிட்டு அதைக் கேட்க முடியவில்லை.

எழுதிக் கொடுத்ததை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. அந்த எச்.எம். எதிரே போய் நிற்க என் ரோஷம் இடம் கொடுக்காது. அதையும் அவளிடம் சொன்னேன். ஹீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எச்.எம்.மை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை, முதலாளியைத் திட்டியதில்லை, சலாம் வைத்த அப்பாவையும் திட்டியதில்லை. கோபித்துக்கொண்டது என்னிடம் மட்டும்தான்.