கேதீஸ்வரி போடாத கையொப்பம்

லீசிங் கொம்பனி மேசையில் கேதீஸ்வரி மூன்றாம் முறையாகக் கையொப்பம் போட்டாள். கார் புருசன், பெண்சாதி இருவர் பெயரிலும் எடுக்கப்படுவதால் இருவரும் ஒப்பமிட வேண்டும். மாதத் தவணை கழிக்கும் வங்கிக் கூட்டுக் கணக்கில் இருப்பதைப் போலவே அந்தக் கையொப்பங்கள் இருக்கவும் வேண்டும். புருசன் உதயரூபனுடையது ஒரே தடவையில் சரியாகிவிட்டது.

உத்தியோகத்தர் அஸ்பாக் அவளுடையதை வங்கிப் பிரதியோடு வைத்துப் பார்த்தார். "இதுவும் பொருந்தல்ல டீச்சர்."

பழுகாமத்துப் பள்ளிக்கூட வரவு இடாப்பில் பதினாறு வருடமாகத் தினமும் போடும் கையொப்பம் அது. எரிச்சலோடு பிரதியை வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்தை நீட்டி இழுத்து, கீழே இரண்டு கோடு. புருசன் தன் பெயருக்குக் கீழே போடும் அதே கோடுகள்.

அவள் திரும்பியபோது அவன் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, சின்னவன் பிறந்த கிழமை, கூட்டுக் கணக்குத் திறக்கும் விண்ணப்பப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததாகவும், அவள் அசந்து தூங்கியதால் எழுப்ப மனம் வராமல் தானே போட்டதாகவும் மெல்லச் சொன்னான். உபகாரம் செய்தவனின் குரல்.

மின்சாரப் பாரம், காணிக் கடிதம், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை என்று இன்னும் எத்தனையில் அந்தக் கோடுகள் இருக்குமோ. வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தவளும் அவள்தான். கோபத்தை யார்மீது வைப்பதென்று தெரியாதது இன்னும் எரிச்சலூட்டியது.

உதயரூபன் அவள் பக்கம் சரிந்தான். "அதப் பாத்து ஒண்டப் போட்டு விடு கா. பின்னேரத்துக்குள்ள முடிக்காட்டி கார் வேற ஆளுக்குப் போயிரும்."

அது பொய்யில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிற அவள்தான் எட்டு மாதம் அலைந்து அந்தக் காரைத் தேடிப் பிடித்தவள். பேனாவை எடுத்தாள். முதல் எழுத்து அவன் எழுதியதைப் போலவே வந்தது. இரண்டாவது எழுத்தில் கை நின்றது. தன் பெயரைப் பார்த்தெழுதிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

பேனாவை மூடி வைத்தாள். "தம்பி, இந்தப் பாரம் பழுதாப் போச்சு. நான் பேங்குக்குப் போய் என்ட ஒப்பத்த மாத்திப்போட்டு வாறன்."

"அதுக்கு ஒரு கிழமையாகும் டீச்சர். காரை வெச்சிருக்க ஏலாது."

"ஓம்," என்றாள்.

வங்கியில், மாற்றுவதற்கும் இருவரும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். உதயரூபன் வழக்கம்போலப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்தான். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"உங்கட இடத்தில மட்டும் போடுங்க."