கிறகரி போய்வந்த லூர்து

நல்லம்மா பஞ்சைத் தீர்த்தத்தில் நனைத்துத் தம்பியின் உதட்டில் ஒற்றினாள். மலையிலுள்ள சூசையப்பர் கோயிலிலிருந்து போத்தலில் பிடித்துவந்த தீர்த்தம் அது. ஒற்றி முடித்ததும் கட்டிலின் மறுபக்கம் நின்ற தம்பி மனைவி செலீனைப் பார்த்து, காலையிலிருந்து விட்டுக்கொண்டிருந்த அதே பெருமூச்சை இன்னொரு தடவை விட்டாள்.

"லூர்துக்கே போயிட்டு வந்த மனிசன். கடைசி நேரத்தில நாக்கில விட அங்கத்தைய தண்ணி ஒரு சொட்டு இல்லை."

"எயாப்போட்டில பறிச்சுப்போட்டாங்கள் எண்டு அப்பவே சொன்னனான்தானே மச்சாள். தண்ணி வென்னி ஒண்டும் பிளேனுக்க கொண்டுபோக விடாங்கள். போன வருசம் வந்த சட்டம்."

"கையிலதான் கொண்டுபோகேலாது. பெட்டிக்க வைக்கலாம். டோர்வல் எயாப்போட்டில இத்தனை வருசம் பெட்டி ஏத்தி இறக்கினவனுக்கு ஒரு போத்திலைப் பெட்டிக்க வைக்கத் தெரியேல்லையோ?"

அது செலீன் அவசரத்தில் சொன்ன பொய். அதிலிருந்த ஓட்டையை மச்சாள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டிலில் கிடந்த கிறகரியின் வாயோரம் இலேசாகச் சுழித்தது. மற்றவர்கள் அதை நோவு என்று நினைத்திருப்பார்கள். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, அது சிரிப்பு. உயிர் போகிற நேரத்திலும் நான் முழிப்பதைப் பார்த்து ரசிக்கிறாரே இந்த மனிதர் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அவர்கள் லூர்துக்குப் போகவேயில்லை. பஹாமாஸுக்குப் போய்வந்திருந்தார்கள்.

இனி வைத்தியத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் தை மாதம் சொன்னதும் நல்லம்மா எழும்பி நின்றுவிட்டாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தான் இருந்த வில்லரேயிலிருந்து பஸ்ஸும் மெற்றோ ரயிலும் மாறி மாறி வந்து, லூர்து மாதாவிடம் போனால் சுகம் வரும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோயில் பங்குச் சனம் முழுவதையும் ஒன்பது நாள் செபத்தில் இருத்தினாள். விமானநிலையம்வரை வந்து வழியனுப்பினாள். அவள் கையசைத்துவிட்டுத் திரும்பிய மறுநிமிடம் கிறகரி தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றி மகள் ஜென்சியிடம் நீட்டினார். உள்ளே போட்டிருந்தது பூப்போட்ட அரைக்கைச் சட்டை. அதைப் பார்த்து ஜென்சி விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அழுதாள்.

பஹாமாஸ் ஆசை அவருக்கு வேலையில் பிடித்தது. டோர்வலில் பனி கொட்டும் நாட்களில் தெற்குத் தீவுகளிலிருந்து இறங்கும் பெட்டிகளின் சில்லுகளில் மணல் ஒட்டியிருக்கும். ஒருநாள் அந்த மணலைக் கைக்குட்டையில் முடிந்துவந்து சமையலறை மேசையில் கொட்டிக் காட்டினார். "வெளிறிப்போய்ப் போற சனம் சிவந்து சிரிச்சுக்கொண்டு வருது. அப்பிடி என்னதான் கிடக்கோ அங்க?" என்றார். மேசையைத் துடைக்கும் எரிச்சலில் செலீன் பதில் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் லூர்துக்குப் பதில் பஹாமாஸ் என்று அவர் கேட்டபோது அவள் உடனே தலையாட்டினாள்.

"லூர்துக்குப் போனா மாதாவிட்ட ஏதும் கேக்கவேணும் செலீன். எனக்குக் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை. பாக்கிறதுக்குத்தான் கிடக்கு" என்றார். திரும்பி வரும்போது மட்டும், "அக்காவுக்குச் சொல்லாதையும். அவவின்ர மனம் உடைஞ்சுபோகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் சத்தியம் செய்து கொடுத்தாள். சாகப்போகிற மனிதருக்குச் செய்துகொடுத்த சத்தியம். மீறினால் அவரையே விற்றதாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தாள்.

பின்னேரம் ரொக்ஸ்பரோ ஸ்டேசனுக்கு வரும் ரயில் வீட்டுக்குப் பின்னால் மெல்ல ஓடிப்போனது. ஜன்னலால் வந்த சித்திரை வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. கிறகரி கண்ணைத் திறந்து அக்காவையும் மனைவியையும் பார்த்தார். ஒரு மூச்சை விட்டார். அடுத்த மூச்சுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

செலீன் அவருடைய நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. ஆனால் நெஞ்சுக்குள் பாரமில்லை. நோகாமல் போய்விட்டார் என்ற ஆறுதல் அழுகையோடு சேர்ந்தே வந்தது.

ஜென்சி மேல்மாடியில் நேர்ஸுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லம்மா மூக்கைத் துடைத்துவிட்டு, ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அந்நிய ஆக்கள் வந்து தூக்க முதல் நான் அவனுக்குக் கால் கழுவவேணும்."

"நான் கழுவுறன் மச்சாள்" என்று செலீன் பாய்ந்தாள்.

"தள்ளு பிள்ளை. பிறந்த நாள் தொட்டு இந்தக் காலைக் கழுவினவள் நான்."

போர்வையை விலக்கினாள். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்த பாதங்கள். பெருவிரல் இடுக்கிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, செருப்பு வாரின் தடம் மட்டும் வெளுப்பாகக் கிடந்தது. நல்லம்மா தன் விரலை அந்தத் தடத்தின் மேல் மெதுவாக ஓட்டினாள்.

"மாசிக் குளிரில லூர்தில செருப்போடயோ திரிஞ்சவன்?"

செலீன் துவாயை எடுத்து நீட்டினாள். நல்லம்மா நிமிரவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. தண்ணீரை அள்ளி விட்டாள். செய்துகொடுத்த சத்தியத்தைச் செலீன் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"லூர்துக்குப் போகேல்லை மச்சாள். பஹாமாஸுக்குப் போனனாங்கள்."

"அது எங்க கிடக்கு?"

"அமெரிக்காவுக்குக் கீழ. சின்னச் சின்னத் தீவுகள். கடல் ஒரே பச்சை. கண்ணாடி அடி வைச்ச போட்டில ஏத்திக்கொண்டு போனவங்கள். குனிஞ்சா மீன் எல்லாம் தெரியும். ஒரு தீவில மணல் ரோசா நிறம். இவர் அதில இருந்து எழும்பமாட்டன் எண்டிட்டார். பேந்து, பூநாரை பாக்கப் போனனாங்கள்."

"பூநாரையோ? மன்னாரில கடலுக்க கூட்டம் கூட்டமா நிக்கிறதுதானே. அதைப் பாக்கவோ மாதாவை விட்டிட்டுப் போனவன்?"

"மன்னாரில சும்மா நிக்கும் மச்சாள். இது சொன்னாக் கேட்டு நடக்குது. ஒருத்தன் குரல் குடுக்க, ஆமிக்காரர் மாதிரி வரிசையா, காலைத் தூக்கித் தூக்கி. ஒண்டு பிழையான பக்கம் திரும்பிப் போட்டுது. இவர் சிரிச்ச சிரிப்பில இருமல் எடுத்து, நான் பயந்துபோனன்."

நல்லம்மா கால்விரல் இடுக்குகளைத் துவாயால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கண்ணீர் அதன்பாட்டில் வழிந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் என்ன, விடமாட்டன் எண்டோ சொல்லப்போறன்?"

செலீன் அவளைப் பார்த்தாள்.

"விட்டிருக்க மாட்டன்தான்" என்றாள் நல்லம்மா. போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டு, "கடலில இறங்கினவனோ?" என்று கேட்டாள்.

"கழுத்துமட்டும். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

நல்லம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள். குளியலறைக் கதவு மூடியது. திரும்பி வந்தபோது அவள் முகத்திலிருந்து செலீனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கிறகரியின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பங்குச் சனம் நிறைந்திருந்தது. பங்குச் சபைத் தலைவர் மரியதாசன் பெட்டிக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தாங்காது எண்டு டொக்டர் சொன்ன உயிர். பெருநாளைக் கண்டுதான் போனது. லூர்து மாதா செய்த புதுமையெல்லோ? செபமாலைக்கு முதல் செலீன் அங்கத்தைய அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொன்னா எங்களுக்கும் விசுவாசம் கூடும்."

எல்லா முகங்களும் செலீனிடம் திரும்பின. உண்மை வெளியே வந்தால், இத்தனை சனத்தின் செபத்தையும் வாங்கிக்கொண்டு கடற்கரையில் இருந்துவிட்டு வந்த மனிதர் என்று கிறகரியைப் பேசப்போகிறார்கள். மண்ணுக்குள் போகமுதலே பேசப்போகிறார்கள். அவள் எழும்பமுதல் நல்லம்மா எழுந்தாள்.

"அவளால இப்ப கதைக்கேலாது. நான் சொல்லுறன்" என்றாள். குரல் கணீரென்றிருந்தது. "லூர்தில என்ர தம்பியின்ர மனம் நிறைஞ்சது. வந்த நாள் தொட்டு ஒரு நோக்காடு சொல்லி அழேல்லை. சிரிச்சுக்கொண்டு கிடந்தவன், சிரிச்சுக்கொண்டே போயிட்டான். மாதாவுக்குத் தோத்திரம்."

சனம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது. மரியதாசன் கண்ணைத் துடைத்தார். செலீன் வாயைத் திறந்தபடி இருந்தாள். யாரும் தேடி வந்தால் 'வீட்டில் இல்லை' என்று ஒரு சின்னப் பொய் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லாத மனுசி இவள்.

நல்லம்மா இருக்கையில் திரும்பி அமரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த குருவானவரிடம் நேரே போனாள்.

"சாமி, செபமாலை தொடங்க முதல் எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

இளம் குருவானவர் கொஞ்சம் திகைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாப் பட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டார். இருவரும் கதிரைகளை மூலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அங்கே பேசியது பெட்டியடியில் இருந்த செலீனுக்குக் கேட்கவில்லை. ஒரு பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவு நேரம் பிடிக்காது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

நல்லம்மா மடியிலிருந்த கைப்பையின் மேல் இரண்டு விரல்களை ஊன்றினாள். ஒன்றை உயரத் தூக்கி வைத்தாள். மற்றதைத் தூக்கி வைத்தாள். விரல்கள் பையின் விளிம்புவரை நிமிர்ந்து நடந்து, டக்கென்று பிழையான பக்கம் திரும்பின. குருவானவர் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நல்லம்மா புருவத்தைச் சுருக்கி, அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு பாவமன்னிப்புக்குத் தலையைக் குனிந்தாள்.