நடுவில் தடுப்பு கூடாது

பேட்டையில் திறக்கப்போகும் நெய்ச்சோற்றுக் கடைக்கு முஹ்சின் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டான், தட்டைத் தவிர. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டு அவனுக்குப் பீங்கானில் வேண்டும், பச்சைக் கரை போட்டு. எவர்சில்வர் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். கடைகளில் கிடைக்காமல், கடைசியில் குஜராத்தில் ஓர் ஆலையைப் பிடித்தான். விவரம் எழுதி அனுப்பினால் விலை சொல்வார்கள். அச்சுக்குப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். அச்சு வெட்டியபின் தப்பென்று தெரிந்தால் போட்டது போட்டதுதான். கடையை மறந்துவிட்டு மறுபடி சவூதி வேலைக்கே, தம்மாமுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். மகள் அர்வா இப்போதுதான் அவனிடம் கூச்சமில்லாமல் வர ஆரம்பித்திருக்கிறாள்.

அதனால் எழுதும் வேலையை அக்கா சபீதாவிடம் விட்டான். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவள் அவள். விலை கேட்டு எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவே முஹ்சினுக்குப் பெருமையாக இருந்தது. பழைய தட்டில் சோற்றைக் குவித்து, வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்து, கை எட்டுகிறதா என்று டேப்பால் அளந்தாள். சோறு நிறைந்த தட்டை ஓர் ஆள் தூக்க வேண்டுமே என்று எடைக்கு வரம்பு போட்டாள். ஈயம் கலக்காத மெருகு, பிடிக்கத் தோதான விளிம்பு, முதலில் சரிபார்க்க ஒரே ஒரு மாதிரித் தட்டு. எதையும் விடவில்லை.

“லாத்தா, போதும். அனுப்பிரு” என்று அக்காவை அவசரப்படுத்தினான்.

“பொறுலே. படிக்கிறவனுக்கு என்ன தோணுதுன்னு பாப்போம்.”

கூட வேலை பார்க்கும் மஹாலக்ஷ்மியை வீட்டுக்கு வரவழைத்தாள். சஹனைக் கண்ணால் கண்டிராதவள். “இதப் படிச்சுட்டு தட்ட வரஞ்சு காட்டு மஹா. எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது.”

மஹாலக்ஷ்மி அழகாக ஒரு வட்டம் போட்டாள். கரைக்குப் பச்சை தீட்டினாள். பிறகு நிதானமாகக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு இழுத்து, தட்டை நாலு அறையாக்கினாள்.

முஹ்சின் மஹாலக்ஷ்மியின் பக்கம் திரும்பினான். “இது என்னக்கா, நடுவுல சுவரு?”

“நாலு பேருக்குன்னு போட்டிருக்கே. ஒருத்தர் சாதம் இன்னொருத்தர் சாதத்தோட கலந்துடாதோ?”

“கலந்தாத்தான் அது சஹன்!” என்று சபீதா கைகொட்டிச் சிரித்தாள். சஹனுக்குள் யாராவது சுவர் வைப்பார்களா? அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் அது தோன்றியிருக்காது. தோன்றாததை எழுதியிருக்கவும் மாட்டார்கள். குஜராத்காரன் அறை வைத்தே அச்சு வெட்டியிருப்பான்.

சபீதா முதல் வரியாகவே சேர்த்தாள்: உள்ளே தடுப்பு எதுவும் கூடாது. மஹாலக்ஷ்மியின் படத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, இப்படி அல்ல என்று எழுதி இணைத்தாள். தன் அக்கா என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம்போல இருந்தது முஹ்சினுக்கு.

விலையோடு ஆலையின் வரைபடமும் செல்போனில் வந்தது. பச்சைக் கரை போட்ட வட்டம், உள்ளே ஒன்றுமில்லை. அர்வா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

“வாப்பா, இதுல நீங்க எங்க உக்காருவீங்க?”

முஹ்சின் கரையோரம் ஒரு விரலை வைத்தான். அவள் தன் விரலை அதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.