தேறியவள்

“பாத்ரூம்ல தண்ணி வர்ல” என்று அஞ்சம்மாள் கதவை மறித்து நின்றாள்.

உள்ளே வாளி நிரம்பி வழியும் சத்தம் பிளஸ்ஸிக்குக் கேட்டது. “ஆன்ட்டி, பீரியட்ஸ் வந்துட்ச்சி. ரெண்டே நிமிசம்...”

“சொன்னா புரியாதா? உங்க காலனிக்கே போயிடு.”

தமிழினி கணக்குப் புத்தகத்தோடு ஓடிவந்தாள். “மாடில இன்னொண்ணு கீதும்மா!”

அஞ்சம்மாள் மகளை முறைத்தாள். அதற்குள் பிளஸ்ஸி பையால் பின்புறத்தை மறைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

படிப்பை விட்டுவிடும் நிலையில் உள்ள பிள்ளைகளைத் தேறவைப்பது எப்படி என்பது ஆராய்ச்சி மாணவி ரோஹிணியின் ஆய்வு. தாம்பரத்தை அடுத்த அந்தப் பள்ளியில், கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த தமிழினியை வகுப்பின் முதல் மாணவி பிளஸ்ஸியோடு ஜோடி சேர்த்தது அவள்தான். பிளஸ்ஸி திட்டமாட்டாள். தப்பாகப் போட்டால் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொல்லித்தருவாள். தமிழினிக்குக் கணக்கின்மேல் இருந்த பயமே போய்விட்டது.

காலனி தூரம். அன்று கறையை மறைக்கப் பை போதவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் போனை எடுத்தான்.

பிளஸ்ஸி அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. தேடிப்போன தமிழினியிடம் பிளஸ்ஸியின் அம்மா, “படம் எல்லார் போன்லயும் சுத்துதாமே. ஸ்கூல்னாலே அய்வுறா. துணிக்கடைல சேத்துட்டேன்” என்றாள். உள்ளேயிருந்த பிளஸ்ஸி வெளியே வரவேயில்லை. தமிழினி வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள்.

பொதுத்தேர்வில் தமிழினி தேறியதும் ரோஹிணி இனிப்போடு அவள் வீட்டுக்கு வந்தாள். அப்பா குப்புராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எது உனக்கு உதவியா இருந்துச்சு, தமிழினி?” ரோஹிணி போனில் பதிவை ஓடவிட்டாள்.

“பிளஸ்ஸி. அவ காலனிப் பொண்ணுன்னு எங்கம்மா தொரத்திட்டாங்க. ஸ்கூலயே வுட்டுட்டா.”

“மேடம், அத்த அழிச்சிடுங்க” என்றார் குப்புராஜ்.

ரோஹிணி போனைப் பார்த்தாள். தமிழினியின் மதிப்பெண்களை மட்டும்தான் அவள் பள்ளியில் கேட்டு வாங்கியிருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண் நின்றுபோவாள் என்று அவள் ஆய்வு நினைத்துப் பார்த்ததே இல்லை.

தமிழினி அப்பாவைப் பார்க்கவில்லை.

“அழிக்காதீங்க மிஸ். நான் பாஸு. அவ பரிச்சைக்கே வர்ல. ரெண்டையும் எய்துங்க.”